லண்டன் சிட்டியின் நகர உரிமைப் பதிவுகளில் முன்னோரைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய லண்டன் உயில்களைப் படிப்பவர்களின் கண்ணில் முதல் வரியிலேயே ஒரு சொற்றொடர் படும். உயில் எழுதுபவர் தம் பெயரைச் சொன்ன கையோடு ‘சிட்டிசன் அண்ட் டிரேப்பர் ஆஃப் லண்டன்’ என்றோ ‘சிட்டிசன் அண்ட் ஸ்கின்னர்’ என்றோ தம்மை அறிமுகப்படுத்திக்கொள்வார். லண்டனில் வாழ்ந்தவர், துணி வியாபாரம் செய்தவர் என்று அதற்குப் பொருள் கொண்டு பலரும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் அந்தச் சொற்றொடர் ஒரு சட்டத் தகுதியைக் குறிக்கிறது. இவர் டிரேப்பர்ஸ் கம்பெனி என்னும் வணிகக் குழுவில் சேர்க்கப்பட்டவர். அதன் வழியாக சிட்டி ஆஃப் லண்டனின் நகர உரிமையைப் பெற்று, ‘ஃப்ரீமேன்’ எனப்படும் உரிமைக் குடிமகனானவர். அந்த உரிமை வழங்கப்பட்டபோது ஒரு காகிதம் கோப்பில் சேர்ந்தது. அவர் 1681-க்குப் பின் உரிமை பெற்றிருந்தால் அந்தக் காகிதம் இன்றும் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு; அதில் அவருடைய தந்தையின் பெயரும், பல நேரங்களில் சொந்த ஊரும் இருக்கும். 1837-க்கு முன் இங்கிலாந்தில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு முறையே கிடையாது என்பதை நினைத்தால், லண்டனில் பிழைக்க வந்த ஒருவரை அவர் புறப்பட்ட கிராமத்தோடு இணைக்கும் இந்த ஒரு தாளின் அருமை புரியும்.

இத்தகைய ஏடுகள் லண்டனுக்கு மட்டும் உரியவை அல்ல. யார்க் நகரின் உரிமைக் குடிமக்கள் ஏடு 1272-லேயே தொடங்குகிறது. ஜெர்மானிய, டச்சு, சுவிஸ் நகரங்களும் இதேபோன்ற குடிமக்கள் புத்தகங்களைப் பராமரித்தன. ஆனால் ஒவ்வொரு நகரின் விதியும் வேறு என்பதால், அளவில் பெரியதும் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியதுமான லண்டன் தொகுப்பை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வாசகர்களில் இது இருவகையினருக்கு நேரடியாகப் பயன்படும். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தூய மரியாள் ஆலயப் பதிவேடுகளில் தங்கள் குலமுதல்வரைக் கண்டுபிடித்துவிட்டு, அவர் இங்கிலாந்தில் எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல் நிற்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர் ஒரு வகை. மதராஸில் வணிகம் செய்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பின்னணியை ஆராய்பவர்கள் மற்றொரு வகை.

முதல் படி: ‘லண்டன்’ எந்த லண்டன் என்று உறுதி செய்யுங்கள்

நகர உரிமை என்பது பழைய மதிற்சுவரை ஒட்டி அமைந்த, ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புள்ள சிட்டிக்கு மட்டுமே உரியது. வெஸ்ட்மின்ஸ்டரிலோ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸிலோ கடை வைத்திருந்தவருக்கு அது கட்டாயமில்லை. சிட்டி எல்லைக்குள் சில்லறை வியாபாரமோ கைத்தொழிலோ சொந்தமாகச் செய்ய வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது என்ற நிலை 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. ஆகவே, வயது வந்த வாழ்நாள் முழுவதையும் கூலியாளாகவோ வீட்டு வேலைக்காரராகவோ கழித்தவரை இங்கே தேடுவதில் பலன் குறைவு. கடை, பட்டறை, கிடங்கு, மதுக்கடை என்று ஏதோ ஒன்றைச் சொந்தப் பெயரில் நடத்தியவராக இருந்தால் தேடுங்கள். சிட்டிக்கு வெளியே வாழ்ந்தவர்களிலும் பலர் இந்த உரிமையைப் பெற்றிருந்தார்கள் என்பதால், முகவரியை மட்டும் வைத்து ஒருவரை ஒதுக்கிவிட வேண்டாம்.

கால எல்லையும் முக்கியம். 1309 முதல் 1312 வரையிலான சேர்க்கைகள் சிட்டியின் ‘லெட்டர் புக் டி’ என்னும் ஏட்டில் உள்ளன. அதன் பிறகு பெரும் இடைவெளி வருகிறது. 1786-இல் சேம்பர்லின் (சிட்டியின் நிதி அதிகாரி) அலுவலகத்தில் ஏற்பட்ட தீயில் பழைய ஏடுகளில் பெரும்பகுதி அழிந்தது. 1551 முதல் 1553 வரையிலான ஒரு துண்டு தப்பி, 1908-இல் அச்சிலும் வந்தது. தொடர்ச்சியாகக் கிடைப்பவை 1681-லிருந்து தொடங்கும் சேர்க்கைக் காகிதங்கள்தான். அதற்கு முந்தையவர்களுக்குச் சிட்டியின் ஏட்டைத் தேடி அலையாமல் நேராக வணிகக் குழுவின் ஏட்டுக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வழியில் உரிமை பெற்றார் என்று கேளுங்கள்

என் அனுபவத்தில் இதுதான் முழுத் தேடலுக்கும் அச்சாணி. நகர உரிமை பெற மூன்று வழிகள் இருந்தன. எந்த வழி என்பதைப் பொறுத்தே என்ன காகிதம் உருவானது, அதில் என்ன தகவல் எழுதப்பட்டது என்பது அமையும்.

ஒரு ஃப்ரீமேனிடம் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராகச் சேர்ந்து, குறைந்தது ஏழு ஆண்டுகள் உழைத்து முடித்து உரிமை பெறுவது முதல் வழி. மிகப் பெரும்பான்மையோர் இப்படித்தான் வந்தார்கள். ஏற்கெனவே உரிமை பெற்ற தந்தையின் மகன் அல்லது மகள் என்ற முறையில், தந்தைவழி உரிமையாகப் பெறுவது இரண்டாம் வழி. பணம் கட்டி வாங்குவது மூன்றாம் வழி. இதைத் தவிர, பெரிய மனிதர்களுக்கு மரியாதையாக வழங்கும் வழக்கமும் உண்டு. குடும்ப வரலாற்றுக்கு அது அவ்வளவாக உதவாது.

தந்தைவழி உரிமையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. தந்தை தாமே நகர உரிமை பெற்ற நாளுக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு மட்டுமே இந்த வழி திறந்திருந்தது. எனவே ஒரே வீட்டில் மூத்த மகன் பணம் கட்டியும் இளைய மகன் தந்தைவழியிலும் உரிமை பெற்றிருப்பதைக் கண்டால், அவ்விருவரின் பிறப்புக்கும் இடையில்தான் தந்தை ஃப்ரீமேன் ஆகியிருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். மூத்தவன் அப்ரண்டிஸாகப் போயிருந்தால் இந்த ஊகம் அவ்வளவு உறுதியானதல்ல. தந்தைவழித் தகுதி இருந்தும் தொழில் பழக அனுப்பப்பட்ட பிள்ளைகள் ஏராளம். எப்படியானாலும், தந்தைவழிக் காகிதத்தில் தந்தையின் பெயரும் அவருடைய வணிகக் குழுவும் குறிக்கப்பட்டு, பிள்ளை முறையான மணத்தில் பிறந்தது என்பதற்குச் சாட்சியும் இருக்கும். ஒரு தலைமுறை பின்னோக்கிப் போவதற்கான படிக்கட்டு அதிலேயே கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: காகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

1681 முதல் 1930 வரையிலான சேர்க்கைக் காகிதங்கள் ‘ஏன்சஸ்ட்ரி’ தளத்தில் படங்களாகவும் பெயர் அட்டவணையோடும் உள்ளன. அது கட்டணத் தளம். மூல ஆவணங்கள் கிளார்க்கன்வெல் பகுதியிலுள்ள லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2024 வரை ‘லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ்’ என்ற பெயரில் இயங்கிவந்த அதே நிறுவனம்தான் இது. லண்டனில் இருப்பவர்கள் அதன் வாசிப்பறைக்குச் சென்றால் அங்குள்ள கணினிகளில் ஏன்சஸ்ட்ரியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இங்கே பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, நானும் விழுந்திருக்கிறேன். அப்ரண்டிஸ் ஒப்பந்தம், அதாவது இன்டென்சர், பையன் வேலையில் சேர்ந்த நாளில் எழுதப்பட்டாலும், கோப்பில் அது வைக்கப்பட்டிருப்பது அவன் உழைப்பை முடித்து நகர உரிமை பெற்ற நாளின் கீழ்தான். 1720-இல் சேர்ந்த பையனின் ஒப்பந்தத்தை 1720-ஆம் ஆண்டுக் கட்டில் தேடினால் கிடைக்காது. 1727-லோ அதற்குப் பல ஆண்டுகள் தள்ளியோ இருக்கும். ஏழு ஆண்டு முடிந்த மறுநாளே எல்லோரும் உரிமை பெற்றுவிடவில்லை. கட்டணம் சேர்க்க முடியாதவர்களும், சொந்தக் கடை வைக்கும்வரை தேவை ஏற்படாதவர்களும் நெடுங்காலம் தள்ளிப்போட்டார்கள். தேடும்போது பதினான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்தான் என்ற கணக்கில் தொடங்கி, இருபத்தொன்றிலிருந்து நாற்பது வயது வரை வலையை விரித்துப் போடுங்கள்.

பெயரின் எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். காதில் விழுந்ததை எழுத்தர் எழுதினார். அதைக் கண்ணுக்குத் தெரிந்தபடி இன்னொருவர் பல நூற்றாண்டு கழித்து அட்டவணையில் ஏற்றினார். குடும்பப் பெயர் அகப்படாவிட்டால் முதற்பெயரையும் ஆண்டு வரம்பையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள்; தந்தையின் பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்

இன்டென்சர் பெரும்பாலும் அச்சடித்த படிவம். இடையிலுள்ள வெற்றிடங்களை மட்டும் கையால் நிரப்பியிருப்பார்கள். நிரப்பியவை எவை என்று பார்த்தாலே நமக்கு வேண்டியவை கிடைத்துவிடும்: பையனின் பெயர், தந்தையின் பெயர், தந்தையின் ஊரும் மாவட்டமும், அவருடைய தொழில் அல்லது சமூக நிலை, எஜமானரின் பெயர், அவருடைய வணிகக் குழு, ஒப்பந்தக் காலம், தேதி. தந்தையின் பெயரையடுத்து ‘டிசீஸ்டு’ என்ற சொல் இருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்று பொருள். அந்த ஒரு சொல்லால் உயிலைத் தேடும் கால வரம்பு பாதியாகக் குறைந்துவிடும்.

அச்சடித்த பகுதியையும் ஒருமுறையாவது முழுக்கப் படித்துவிடுங்கள். எஜமானரின் இரகசியங்களைக் காக்க வேண்டும், சீட்டும் சூதும் ஆடக் கூடாது, மதுக்கடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் போய்க் கிடக்கக் கூடாது, ஒப்பந்தக் காலத்தில் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்று அது பையனைக் கட்டிப்போடுகிறது. சீட்டாடாமல் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் திருமணத் தடை நமக்குக் கணக்குப் போட உதவும்: முதலில் ஒப்பந்தம் முடிந்த ஆண்டுக்குப் பிறகு திருமணப் பதிவைத் தேடுங்கள், அதற்கு முந்தைய திருமணம் ஒன்று அதே பெயரில் கிடைத்தால், அது வேறொரு ஆளாக இருக்கக்கூடும் என்ற சந்தேகத்தோடு அணுகுங்கள்.

தாளின் பின்பக்கப் படத்தைப் பார்க்க மறக்காதீர்கள். எஜமானர் இறந்தோ நொடித்தோ போனால் பையனை வேறொருவரிடம் மாற்றிவிடுவார்கள். ‘டர்ன்டு ஓவர்’ என்ற அந்தக் குறிப்பு ஒப்பந்தத்தின் மேலேயே எழுதப்படும். புதிய எஜமானர் வேறு குழுவைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். நகர உரிமை வழங்கப்பட்ட தேதியும் இத்தகைய குறிப்பாகவே இருக்கும்.

தேதி விஷயத்தில் இரண்டு கண்ணிகள் உள்ளன. 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே ஜனவரி 1-லிருந்து மார்ச் 24 வரையுள்ள தேதிகளுக்கு அன்றைய எழுத்தர் போட்ட ஆண்டு, நம் கணக்கைவிட ஒன்று குறைவாக இருக்கும். மேலும், பல ஒப்பந்தங்கள் ஆண்டை எண்ணாகச் சொல்லாமல் மன்னரின் ஆட்சியாண்டாகச் சொல்லும். எடுத்துக்காட்டாக, ‘இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் ஐந்தாம் ஆட்சியாண்டு, மார்ச் 3’ என்று இருப்பதாகக் கொள்வோம். அவர் 1727 ஜூன் 11 அன்று அரியணை ஏறினார்; ஐந்தாம் ஆண்டு 1731 ஜூன் 11 அன்று தொடங்கி 1732 ஜூன் 10 அன்று முடிகிறது; அதற்குள் வரும் மார்ச் 3 நம் கணக்கில் 1732-ஐச் சேர்ந்தது. அதே நாளை ஆலயப் பதிவேடு 1731 என்று எழுதியிருக்கும். குறிப்பேட்டில் 1731/32 என்று இரண்டையும் எழுதிவைப்பதே பாதுகாப்பு.

ஐந்தாம் படி: குழுவின் பெயரைத் தொழிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

வணிகக் குழுக்களை லண்டனில் ‘லிவரி கம்பெனி’ என்பார்கள். மெர்சர்ஸ், கிரோசர்ஸ், டிரேப்பர்ஸ், ஃபிஷ்மாங்கர்ஸ், கோல்ட்ஸ்மித்ஸ் என்று தொடங்கும் ‘பெரிய பன்னிரண்டு’ கம்பெனிகளும் அவற்றின் கீழே பல சிறிய கம்பெனிகளும் இருந்தன. ஒரு கம்பெனியின் உறுப்பினர் எந்தத் தொழிலை வேண்டுமானாலும் செய்யலாம் என்பது லண்டனின் பழைய வழக்கம். சில கம்பெனிகள் தத்தம் தொழிலை இறுக்கிப் பிடிக்க முயன்றாலும் பொதுநிலை அதுவே. தந்தைவழி உரிமை தந்தையின் கம்பெனிக்கே பிள்ளையையும் கொண்டுபோய்ச் சேர்த்ததால், இரண்டு மூன்று தலைமுறைக்குள் பெயருக்கும் பிழைப்புக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடும்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஆளையே சாட்சிக்கு அழைக்கலாம். எழுத்தாளர் டேனியல் டெஃபோ 1688 ஜனவரியில் (அக்காலக் கணக்கில் அது 1687) தந்தைவழி உரிமையில் புட்சர்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அவருடைய தந்தை ஜேம்ஸ் ஃபோ கொழுப்பு மெழுகுவர்த்தி வியாபாரி; மகனோ காலுறை, பின்னலாடை வணிகர். ஏட்டின்படி இருவரும் கசாப்புக்காரர்கள். டெஃபோவைப் பற்றி வேறெதுவும் தெரியாத ஒரு வாரிசு இந்தப் பதிவை மட்டும் பார்த்தால், ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தையில் அவர் கடையைத் தேடிக்கொண்டிருப்பார். உண்மையான தொழிலை ஆலயப் பதிவேடு, காப்பீட்டுப் பதிவு, வணிகக் கையேடு, உயிலில் சொல்லப்படும் சரக்கு ஆகியவற்றிலிருந்துதான் அறிய வேண்டும். கம்பெனிப் பெயர் அடுத்த ஏடு எங்கே இருக்கிறது என்று காட்டும் கைகாட்டி மட்டுமே.

ஆறாம் படி: கம்பெனியின் சொந்த ஏட்டுக்குப் போங்கள்

கம்பெனியில் சேர்வதும் சிட்டியின் உரிமை பெறுவதும் இரண்டு தனித்தனிச் சடங்குகள். கம்பெனியின் மண்டபத்தில் சேர்ந்த பிறகே சிட்டியின் சேம்பர்லினிடம் போக முடியும். சிலர் முதலாவதோடு நின்றுவிட்டார்கள். எனவே சிட்டியின் காகிதம் கிடைக்காதவரும் கம்பெனி ஏட்டில் இருக்கலாம். முக்கியமாக, ஒப்பந்தத்தை இடையில் முறித்துக்கொண்டு ஓடியவர், இறந்துபோனவர், ஊர் திரும்பியவர், கடல் கடந்து மதராஸுக்கோ வர்ஜீனியாவுக்கோ போனவர் ஆகியோரின் சுவடு சிட்டியின் கோப்பில் இருக்காது. கம்பெனியின் அப்ரண்டிஸ் சேர்க்கை ஏட்டில் இருக்கும். சேர்ந்தவர்களில் மிகப் பலர் முடிக்கவில்லை என்பதால் இதை ஒரு சில விதிவிலக்குகளுக்கான வழி என்று நினைத்துவிட வேண்டாம்.

டிரேப்பர்ஸ், கிளாத்வொர்க்கர்ஸ், மெர்சர்ஸ், கோல்ட்ஸ்மித்ஸ் உள்ளிட்ட சில கம்பெனிகளின் பதிவுகளை ‘ரோல்கோ’ என்ற இலவசத் தளத்தில் தேடலாம். பல கம்பெனிகளின் அப்ரண்டிஸ் பதிவுச் சுருக்கங்கள் ‘ஃபைண்ட்மைபாஸ்ட்’ தளத்தில் உள்ளன. மூல ஏடுகள் பெரும்பாலும் கில்டுஹால் நூலகத்தின் வழியாகப் பார்வைக்குக் கிடைக்கும்; சில கம்பெனிகள் தங்கள் மண்டபத்திலேயே வைத்திருக்கின்றன.

இதற்குத் துணையாக அரசின் முத்திரை வரி ஏடுகள் உள்ளன. 1710 முதல் 1811 வரை, அப்ரண்டிஸைச் சேர்க்க எஜமானர் பெற்ற பணத்துக்கு வரி விதிக்கப்பட்டது. 50 பவுண்டு வரை பவுண்டுக்கு ஆறு பென்ஸ், அதற்கு மேல் ஒரு ஷில்லிங். இந்த ஏடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஐஆர் 1’ என்ற வரிசையில் உள்ளன. லண்டன் மட்டுமன்றி நாடு முழுவதையும் தழுவியவை. ஓவியரும் கவிஞருமான வில்லியம் பிளேக் 1772 ஆகஸ்டில், பதினான்கு வயதில், செதுக்கோவியர் ஜேம்ஸ் பசையரிடம் ஏழு ஆண்டுகளுக்குச் சேர்க்கப்பட்டபோது தந்தை கட்டிய தொகை 52 பவுண்டு 10 ஷில்லிங். பையனின் குடும்பம் எவ்வளவு வசதியானது என்பதை இத்தகைய தொகை சொல்லிவிடும். ஆனால் பணமே வாங்காமல் சேர்த்துக்கொண்ட பையன்களும், ஆலயமோ அறக்கட்டளையோ செலவை ஏற்ற ஏழைப் பையன்களும் இந்த ஏட்டில் இல்லை. 1750-களுக்குப் பிறகு தந்தையின் பெயரும் அரிதாகவே எழுதப்பட்டது.

ஏழாம் படி: இல்லாதவர் ஏன் இல்லை என்று கேளுங்கள்

ஒருவர் அகப்படாததற்குத் தேடலின் குறை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவ முறையில் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்ததால் 1830 வரை யூதர்களுக்கு இந்தக் கதவு பொதுவாக மூடியே இருந்தது. கோல்கொண்டா வைரத்துக்காக மதராஸோடு வணிகம் செய்த லண்டன் யூதக் குடும்பங்களை இங்கே தேடுவதைவிட ஜெபஆலயப் பதிவுகளிலும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களிலும் தேடுவது நல்லது. 1731-இல் மேயரின் உத்தரவு ஒன்று ‘நீக்ரோக்களையும் பிற கறுப்பர்களையும்’ ஃப்ரீமேன்களிடம் அப்ரண்டிஸாகச் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது. அன்றைய ஆங்கிலப் பதிவேடுகளில் இந்தியர்களையும் பல இடங்களில் ‘பிளாக்’ என்றே குறித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் மதராஸிலிருந்து அழைத்துப்போன வேலைக்காரப் பையன்களை லண்டனில் தேடுபவர்கள் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பெண்கள் விஷயம் வேறு. அவர்களுக்குத் தடை இல்லை. அப்ரண்டிஸாகவும் தந்தைவழியிலும் உரிமை பெற்றவர்கள் உண்டு. ஆனால் மணமான பெண்ணின் வியாபாரம் பெரும்பாலும் கணவர் பெயரில் மறைந்துவிடும். விதவையானதும் அவள் கணவரின் கம்பெனிப் பெயரில் கடையைத் தொடர்ந்து நடத்தி, தானே அப்ரண்டிஸ்களைச் சேர்ப்பாள். அதனால் கணவர் இறந்த பிறகான ஆண்டுகளில் எஜமானர் பெயருக்கான இடத்தில் அவளைத் தேடுங்கள்.

1835-இல் விதி தளர்ந்து, எந்தக் கம்பெனியிலும் சேராமலேயே நகர உரிமை பெற வழி பிறந்தது. அதற்குப் பிந்தைய காகிதத்தில் கம்பெனிப் பெயர் இல்லாவிட்டால் திகைக்க வேண்டாம்.

எட்டாம் படி: உயிலோடும் அனாதைகள் மன்றத்தோடும் பொருத்துங்கள்

ஊர் தெரிந்ததும் அந்த ஊரின் ஆலய ஞானஸ்நானப் பதிவேட்டில், அப்ரண்டிஸ் தேதிக்குப் பதின்மூன்று முதல் பதினேழு ஆண்டுகள் முன்னால் பாருங்கள். அதே பெயரில் இருவர் இருந்தால் தந்தையின் தொழிலும் ‘டிசீஸ்டு’ குறிப்பும் அவர்களைப் பிரித்துக் காட்டும். 1858-க்கு முன் கேன்டர்பரி தலைமை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்ட உயில்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘பிராப் 11’ வரிசையில் உள்ளன. ஓரளவு வசதியான லண்டன்வாசிகளின் உயில்கள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்ந்தன.

ஃப்ரீமேனின் உயிலைப் படிக்கும்போது ஒரு வழக்கத்தை நினைவில் வையுங்கள். லண்டன் வழக்கப்படி ஃப்ரீமேனின் அசையும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கும் தானாகவே போய்விடும். மிச்சமிருந்த பங்கை மட்டுமே அவர் விருப்பம்போல் எழுதிவைக்க முடியும். 1725-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்தக் கட்டை அவிழ்த்தது. அதற்கு முந்தைய உயிலில் ஒரு மகனின் பெயர் இல்லையென்றால், அவன் இறந்துவிட்டான் என்றோ தந்தை வெறுத்து ஒதுக்கினார் என்றோ முடிவுகட்டிவிடக் கூடாது. அவனுக்குரியது ஏற்கெனவே உறுதியாக இருந்ததால் எழுதத் தேவையில்லாமல் போயிருக்கலாம்.

வயதுக்கு வராத பிள்ளைகளை விட்டுவிட்டு ஃப்ரீமேன் இறந்தால், அந்தப் பங்கைப் பாதுகாக்கும் பொறுப்பைச் சிட்டியின் ‘கோர்ட் ஆஃப் ஆர்ஃபன்ஸ்’ ஏற்றது. அதற்காக மதிப்பீட்டாளர்கள் வீடு புகுந்து, அறை அறையாகப் பொருள்களைக் குறித்து விலை போட்டார்கள். இந்தப் பட்டியல்கள், குறிப்பாக 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியையும் 18-இன் தொடக்கத்தையும் சேர்ந்தவை, லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெயர்களையும் தேதிகளையும் சேர்த்துக் களைத்தவர்கள் கடைசியாக இதைத் திறந்து பார்க்க வேண்டும். கடையில் என்ன சரக்கு மிச்சமிருந்தது, யார் யாருக்குக் கடன், சமையலறையில் எத்தனை ஈயத் தட்டு, மாடியறைக் கட்டிலின் திரை எந்தத் துணி என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் துணி ‘காலிகோ’ என்று எழுதியிருந்தால், அது வங்காளத்திலோ குஜராத்திலோ சோழமண்டலக் கரையிலோ ஒரு தறியில் நெய்து, கப்பலேறிப் போனதாகவும் இருக்கலாம்.